டிரான்ஸ்பிளான்டுக்கு அப்புறம் எடுத்த ஆன்லைன் டயட்டீஷியன் சர்வீஸ்
அண்ணனுக்கு கிட்னி மாத்தினதுக்கு அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரையால பசி அடங்கவே மாட்டேங்குது, வெயிட் மளமளன்னு ஏறுச்சு, அதான் இதை எடுத்தோம். உண்மையிலேயே நல்லா இருக்கு. முதல் போன் கால்லயே அந்த மேடம் மாத்திரை லிஸ்ட்டைத்தான் கேட்டாங்க, டாக்ரோலிமஸ்னு (புது கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்க குடுக்கிற மருந்து) பார்த்ததும் கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் ரெண்டும் தொடவே கூடாது, ரத்தத்துல மருந்து அளவு ஏறிடும்னு சொல்லி, பொட்டாசியம், சுகர் ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துட்டுதான் சாப்பாட்டு பிளானே போட்டாங்க. அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால் வேண்டாம்னாங்க, பட்டினியும் கிடக்கக் கூடாதாம். மூலிகைப் பொடி அது இதுன்னு எதையும் தலையில கட்டலை, அதுவே எனக்கு ரொம்ப பிடிச்சுது. ஒரே குறை, மெசேஜ் போட்டா பதில் வர லேட்டாகுது. பிளானை டிரான்ஸ்பிளான்ட் டாக்டர்கிட்ட காட்டி ஓகே வாங்கிட்டுதான் ஆரம்பிச்சோம், நீங்களும் அப்படியே பண்ணுங்க.