தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகளுக்கு மூலிகை எண்ணெய்ப் பொடி: காசுக்குத் தகுந்த சரக்கா?

பன்றிக்குட்டிகளின் குடலுக்கு நல்லது என்று விற்கிற மூலிகைத் தீவனச் சேர்க்கைகளில் பாதிக்கு மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. பையில் பச்சை இலைப் படம் இருக்கும், கீழே 'முழுக்க இயற்கையானது' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தேடினால் ஒன்றும் இருக்காது. இப்போது நான் போட்டுக்கொண்டிருக்கும் பொடி அந்த ரகம் இல்லை. கார்வக்ரால், தைமால், சின்னமால்டிஹைடு மூன்றும் கிலோவுக்கு எத்தனை கிராம் என்று லேபிளிலேயே இருக்கிறது, கொழுப்புப் பூச்சு கொடுத்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். வாங்கியதற்கு அந்த இரண்டு வரிகள்தான் காரணம்.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஓமத்தின் வாசனை தைமால், லவங்கப்பட்டையின் வாசனை சின்னமால்டிஹைடு, ஆரிகனோவிலும் நம் கற்பூரவல்லியிலும் இருப்பது கார்வக்ரால். மூன்றும் எண்ணெய்த் தன்மை கொண்டவை, அதனால் பாக்டீரியாவின் மேல்சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைத்துவிடும், உள்ளே இருப்பது வெளியே கசியும், பாக்டீரியா நொந்துபோகும். ஆய்வகத் தட்டில் இது அழகாக நடக்கும். பிரச்சினை என்னவென்றால் பன்றியின் வயிறு ஆய்வகத் தட்டு இல்லை.

இந்த எண்ணெய்களை அப்படியே தீவனத்தில் கலந்து கொடுத்தால் பெரும்பகுதி இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா குடியிருப்பது அதற்குக் கீழே, சிறுகுடலின் பின்பகுதியில். அங்கே போய்ச் சேர வேண்டியது மேலேயே தீர்ந்துவிட்டால் என்ன பயன்? அதற்காகத்தான் கெட்டியான தாவரக் கொழுப்புக்குள் எண்ணெயைப் பூட்டி வைக்கிறார்கள், சிறுகுடலில் கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் நொதி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும்போது எண்ணெய் வழியெல்லாம் வெளிவந்துகொண்டே போகும். தீவனத்தை அழுத்திக் குச்சித் தீவனமாக (பெல்லட்) அடிக்கும் சூட்டில் ஆவியாகிப் போகாமல் இருக்கவும் பூச்சு உதவுகிறது. பூச்சு சரியாக இருக்கிறதா என்று பண்ணையில் அளந்து பார்க்க வழியில்லை, ஆனால் ஒரு குத்துமதிப்பான அடையாளம் உண்டு: பையைப் பிரித்ததும் கண்ணில் நீர் வருகிற அளவுக்கு வாசனை தூக்கியடித்தால் எண்ணெய் வெளியிலேயே இருக்கிறது என்று அர்த்தம். "வாசனையைப் பாருங்க சார், எவ்வளவு வீரியம்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். இந்தப் பொடியில் வாசனை மிதமாகத்தான் இருக்கிறது, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால்தான் ஏறுகிறது.

சரி, பலன்? தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு மட்டும்தான் போட்டேன், அங்கேதான் இதற்கு வேலை இருக்கிறது. மூன்று, நான்கு வார வயதில் பாலை நிறுத்தியதும் குட்டி ஒன்றிரண்டு நாள் சரியாகத் தின்னாது, தின்னாத குடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் சுருங்கிக் குட்டையாகிவிடும், பிறகு திடீரென்று பசியெடுத்து அள்ளித் தின்னும்போது செரிக்காத புரதம் கீழே இறங்கிக் கெட்ட பாக்டீரியாவுக்கு விருந்தாகிறது. வயிற்றில் அமிலமும் அந்த வயதில் போதாது. இந்தக் கட்டத்தில் பொடி கலந்த தீவனம் தின்ற பட்டிகளில் சாணம் சீக்கிரம் கெட்டியானது, பின்புறம் ஈரமாக நிற்கும் குட்டிகள் குறைந்தன, தீவனம் எடுப்பதும் முன்னதாகவே சீரானது. கழிச்சல் அடியோடு நின்றதா என்றால் இல்லை. ஒரு தடவை கலந்த பட்டிக்கும் கலக்காத பட்டிக்கும் வித்தியாசமே தெரியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த மாதிரிப் பொருளை மதிப்பிடும்போது கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. பிரித்த குட்டிகளைத் தாக்கும் ஈ.கோலையில் எஃப்4, எஃப்18 என்று இரண்டு முக்கிய வகைகள், இரண்டுமே குடல் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் நஞ்சை விடும். எஃப்4 ஒட்டுவதற்கான இடமே சில குட்டிகளின் குடலில் பிறவியிலேயே கிடையாது, அந்தக் குட்டிக்கு நீங்கள் எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த வகையால் கழிச்சல் வராது, ஆனால் பாராட்டு மட்டும் பொடிக்குப் போய்விடும். அதனால் ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டு பட்டியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கலந்தும் ஒன்றுக்குக் கலக்காமலும் போட்டுப் பாருங்கள். அடுத்த பண்ணைக்காரர் சொன்னார் என்பதை வைத்து வாங்காதீர்கள், நான் சொன்னதை வைத்தும்தான்.

இதை ஜிங்க் ஆக்சைடுக்கு, அதாவது கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் கலந்த துத்தநாக உப்புக்கு, மாற்று என்று விற்கிறார்கள் பாருங்கள், எனக்கு எரிச்சலே அதில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது 2006 தொடக்கத்தோடு நின்றது, கழிச்சலுக்காக மருந்து அளவில் ஜிங்க் ஆக்சைடு கொடுப்பதும் 2022 ஜூனில் நின்றது, அந்த இடத்தைப் பிடிக்கத்தான் இத்தனை மூலிகைப் பைகளும் வரிசைகட்டி வருகின்றன. தடை நியாயமானதுதான், சாணத்தோடு போகும் துத்தநாகம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் ஒரு டன் தீவனத்துக்கு 2.5 கிலோ துத்தநாகம் சேரும் அளவுக்கு இரண்டு வாரம் கொடுத்தால் கிடைத்த பலனை எந்த ஒற்றைப் பொடியும் தனியாகத் தராது. தொடக்கத் தீவனத்தில் புரதத்தைக் குறைத்து அமினோ அமிலத்தால் ஈடுகட்ட வேண்டும், பென்சாயிக் அல்லது ஃபார்மிக் அமிலம் சேர்க்க வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், கொட்டகையில் குளிர்காற்று அடிக்கக் கூடாது. இவ்வளவும் செய்துவிட்டு மேலே போட்டால் பொடி தன் பங்கைச் செய்கிறது. அமிலத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது என்பது கூடுதல் வசதி.

அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். பன்றிக்கு மூக்கு ரொம்பக் கூர்மை, வாசனை மிஞ்சினால் தீவனத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், பிரித்த குட்டி ஒரு வேளை தின்னாமல் போனால் நீங்கள் எதைத் தடுக்க நினைத்தீர்களோ அதையே வரவழைத்த மாதிரி ஆகிவிடும். டன்னுக்குச் சில நூறு கிராம் என்பதால் நேரடியாகக் கொட்டவும் கூடாது, முதலில் கொஞ்சம் தீவனத்தில் நன்றாகக் கலந்து, அப்புறம் அதை மொத்தத்தில் சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே கழிந்து கண் உள்வாங்கிக் கிடக்கிற குட்டிக்கு இது மருந்து இல்லை. அதற்கு உப்புச்சத்து நீரும் கால்நடை மருத்துவரும்தான். சாணத்தில் ரத்தம் தெரிந்தால் அது வேறு நோய், பொடியை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். வளர்ந்த பன்றிகளுக்குப் போடுவதும் என் கணக்கில் வீண் செலவு, அவற்றின் குடல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

குறை என்றால் பைதான். பெரிய மூட்டையாக மட்டும் வருகிறது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையைத் திரும்ப மூட வழியில்லை, சின்னப் பண்ணையில் ஒரு மூட்டை தீர்வதற்குள் பாதி வாசனை போய்விடும் போலிருக்கிறது. நான் மூடி இறுக்கமான டப்பாக்களில் பிரித்துப் போட்டு வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். பிரித்துப் போடும்போது கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், சின்னமால்டிஹைடு சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், அதைப் பற்றி லேபிளில் ஒரு வரிகூட இல்லை.