ஓராண்டு நர்சிங் சான்றிதழுக்கு 1,45,000 ரூபாய்: நீலகிரிக் குடும்பங்கள் கவனத்திற்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணை 'ஓராண்டு நர்சிங்' படிக்க வைக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிக் குடும்பங்கள், பணம் கட்டுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள். என் தங்கையின் படிப்புக்கென்று எங்கள் குடும்பம் 1,45,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறது. பச்சைத் தேயிலையைக் கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 7,250 கிலோ இலை. உரச்செலவையும் பறிகூலியையும் கழிக்காத கணக்கு இது.

பணத்தை வாங்கியது, கடைகளுக்கு மேல் மாடியில் இரண்டு அறைகளை வைத்து நடக்கும் ஒரு தனியார் பாராமெடிக்கல் பயிற்சி மையம். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே நாங்கள் போய் உட்கார்ந்ததுமே, வெள்ளைக் கோட்டு அணிந்த நிர்வாகி அம்மா தன் கையாலேயே என் தாயாருக்குத் தேநீர் கொடுத்து, "அம்மா, இவள் இனிமேல் எங்கள் வீட்டுப் பெண், படிப்பு முடிந்த மறுமாதமே பதினெட்டாயிரம் சம்பளத்தில் உட்கார வைப்பது என் பொறுப்பு" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சுவரில் பட்டமளிப்பு உடையில் பெண்களின் படங்கள், அதன் கீழே 'அரசுப் பதிவு பெற்றது' என்ற பலகை, பக்கத்தில் சட்டம் போட்ட ஐ.எஸ்.ஓ. சான்றிதழ். என் தாயார் அன்று நம்பியது அந்தப் பலகையை அல்ல, கையைப் பிடித்துக்கொண்டு பேசிய அந்தப் பேச்சை. ஆங்கிலத்தில் இருந்த விண்ணப்பத்தை அவர்களே நிரப்பினார்கள், கையெழுத்து போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினார்கள். 'கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்ற வரி அதன் பின்பக்கத்தில் இருப்பதை, பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் எங்களுக்குக் காட்டினார்கள்.

சேர்க்கைக்கு 15,000, படிப்புக்கு 1,10,000, சீருடை, தேர்வு, மருத்துவமனைப் பயிற்சி என்று 20,000, ஆக 1,45,000 ரூபாய். வங்கியில் கல்விக்கடன் கேட்கலாமா என்று நான் கேட்டதற்கு, "பேங்க் லோன் வருவதற்குள் பேட்ச் தொடங்கிவிடும், நகையை வைத்துக் கட்டிவிடுங்கள்" என்று உடனே பதில் வந்தது. காரணம் இப்போது விளங்குகிறது: அங்கீகாரம் உள்ள படிப்புதானா என்று வங்கி கேட்டிருக்கும். தாயாரின் நகையை மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் அடகு வைத்து 80,000, மகளிர் குழுக் கடனாக 65,000 புரட்டினோம். குழுக் கடனுக்கு மாதம் 3,440 வீதம் 24 தவணை. தங்கை வகுப்பில் முதல் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதே முதல் தவணை போய்விட்டது. வங்கிக் கல்விக்கடன் என்றால் 4 லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை, படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணைக்கு அவகாசம் உண்டு.

மருத்துவமனைப் பயிற்சி என்ற பெயரில் ஒரு சிறிய கிளினிக்கில் சம்பளமில்லாமல் படுக்கை விரிக்கவும் தரை துடைக்கவும் விட்டார்கள். படிப்பு முடிந்து கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் நேர்காணலுக்குப் போனபோது, சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "கவுன்சில் பதிவு எண் எங்கே?" என்பதுதான். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய, அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ இரண்டாண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), மூன்றாண்டு ஜி.என்.எம். (செவிலியர் பட்டயப் படிப்பு), நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் போன்றவற்றைப் படித்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசுச் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. பலகையில் இருந்த 'அரசுப் பதிவு' அந்த மையத்தை நடத்தும் அறக்கட்டளையின் பதிவு மட்டுமே. ஐ.எஸ்.ஓ. என்பது நிர்வாக நடைமுறைக்கான தரச்சான்று. அதற்கும் செவிலியர் படிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கடைசியில் மேட்டுப்பாளையத்தில் வார்டு உதவியாளர் வேலைதான் கிடைத்தது, அதையும் நாங்களே தேடிக்கொண்டோம். சம்பளம் 9,000 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 4,500, குழுக் கடன் தவணை 3,440, நகை வட்டி 800 போக அவள் கையில் நிற்பது 260 ரூபாய். ஒருமுறை வீட்டுக்கு வந்து போனாலே அதுவும் கரைந்துவிடும். நகையின் முதலோ அப்படியே நிற்கிறது. அவர்கள் சொன்ன பதினெட்டாயிரம் உண்மையாக இருந்திருந்தால், இதே கடனையும் செலவையும் கழித்து மாதம் 9,260 மிஞ்சியிருக்கும், நகையையும் மீட்டிருப்போம். அந்த ஒற்றை எண்ணை நம்ப வைத்துத்தான் 1,45,000 ரூபாயை வாங்கினார்கள்.

கேட்கப் போனால் ஆளுக்கொரு பதில். "மேடம் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னார், மேடத்தின் குரல் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, வேலைவாய்ப்பு என்றால் நேர்காணலுக்கு அனுப்புவது மட்டும்தான் என்று விளக்கம் சொன்னார்கள். அதன் பிறகு, தங்கைக்கு ஆங்கிலம் பேச வராததுதான் குறை என்றார்கள்; சேர்க்கும் நாளில் 'தமிழ் போதும்' என்றவர்களும் இவர்களே. இப்போது என் எண்ணிலிருந்து அவர்களுக்கு அழைப்பே போவதில்லை. அவளுடைய அசல் மதிப்பெண் பட்டியலையும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, 'நிலுவைக் கட்டணம்' 6,000 என்று புதிதாக ஒன்றைச் சொல்கிறார்கள். 1,45,000 போதவில்லை போலும். உதகையில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்திருக்கிறேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன்.

விரிவாக வழிமுறைகள் எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. செவிலியர் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் பள்ளியின் பெயர் இல்லையென்றால் நர்சிங் என்று சொல்லி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஓராண்டில் வேலைக்குப் போக வேண்டும் என்றால், அரசு மருத்துவக் கல்லூரிகளில் டயாலிசிஸ், இ.சி.ஜி., அறுவை அரங்கு உதவி போன்ற ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் மிகக் குறைந்த கட்டணத்தில் இருக்கின்றன. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். முன்பு படித்து முடித்த பெண்களின் சம்பளத்தை, மையத்தில் கேட்காமல், அந்தப் பெண்களிடமே கேளுங்கள். அசல் சான்றிதழைக் கையை விட்டு விடாதீர்கள். 'நாளைக்குள் கட்டினால்தான் இடம்' என்று தொலைபேசியில் அவசரப்படுத்தினால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். அடுத்த பேட்ச்சுக்கு ஆள் பிடிக்க இந்த வாரமே எங்கள் ஊரில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.