ஸ்க்ராபிளில் முதலில் கற்க வேண்டியவை: ஈரெழுத்துச் சொற்களா, ஏழெழுத்துச் சொற்களா?

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டமான ஸ்க்ராபிளுக்காக அரிய ஆங்கிலச் சொற்களைக் கற்க விரும்புவோர் பெரும்பாலும் நீண்ட சொற்களையே முதலில் நாடுகிறார்கள். கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைப்பதால் அந்த ஆசை இயல்பானதே. ஆயினும், உழைப்புக்கேற்ற பலன் என்று பார்த்தால் ஈரெழுத்துச் சொற்களே முந்துகின்றன என்பது என் கணிப்பு.

ஆட்டத்தில் செல்லுபடியாகும் சொற்களைத் தொகுத்துத் தரும் காலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில் ஈரெழுத்துச் சொற்கள் 127 மட்டுமே; வட அமெரிக்கப் பட்டியலில் இன்னும் குறைவு. உயிரெழுத்துகள் கையில் குவிந்துவிட்டால் கைகொடுப்பவையும் இவற்றுள் உண்டு. இரண்டு 'ஏ' சேர்ந்தால் கரடுமுரடாக உறைந்த எரிமலைக் குழம்பு. 'ஏ', 'ஐ' சேர்ந்தால் மூவிரல் ஸ்லாத் விலங்கு. 'ஓ', 'இ' சேர்ந்தால் ஃபாரோ தீவுகளை ஒட்டி வீசும் சுழல்காற்று. எல்லாவற்றிலும் மதிப்புமிக்கது 'க்யூ', 'ஐ' சேர்ந்த சொல். சீன மரபு கூறும் உயிராற்றலே அதன் பொருள். எழுத்து மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் 10 புள்ளி மதிப்புள்ள 'க்யூ'வை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் இச்சொல் அமையுமாறு ஆடினால், இரண்டே கட்டைகளில் 62 புள்ளிகள் கிடைக்கும். 'க்யூ'வை இறுதிவரை வைத்திருந்து எதிராளி ஆட்டத்தை முடித்துவிட்டாலோ, நம் கணக்கில் 10 குறைந்து அவர் கணக்கில் 10 ஏறும்.

நீண்ட சொற்களுக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. விழித்திரையைக் குறிக்கும் 'ரெட்டினா'வின் ஆறு எழுத்துகளோடு ஓர் 'எஸ்' சேர்ந்தால், அதே ஏழு எழுத்துகளை மாற்றியடுக்கி, பிசின் மணமுள்ள கிரேக்க ஒயினான 'ரெட்சினா', கொழுப்பின் கெட்டிப் பகுதியான 'ஸ்டியரின்' எனப் பல சொற்களை அமைக்கலாம். ஆனால் ஏழெழுத்துச் சொல் கையில் இருந்தும் பலகையில் இடமில்லாத நிலை அடிக்கடி நேர்கிறது. அப்போது அதை இன்னொரு சொல்லின் பக்கவாட்டில் ஒட்டி இறக்க, இடையில் உருவாகும் ஈரெழுத்துச் சொற்கள் செல்லுபடியாக வேண்டும். அவற்றை அறியாதவருக்கு அந்த வழியும் அடைபடும்.

பொருளையும் கற்க வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. பிரெஞ்சு பேசத் தெரியாத நியூசிலாந்து வீரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிளில் உலகப் பட்டம் வென்றார். அத்தகைய நினைவாற்றல் வாய்க்காத நமக்கோ பொருள் ஒரு பிடிமானம். தவிர, பெயர்ச்சொல்லா உரிச்சொல்லா என்று தெரிந்தால், இறுதியில் 'எஸ்' சேர்க்கலாமா என்பதை ஓரளவு ஊகிக்கலாம். உயிரெழுத்தே இல்லாத வேல்ஸ் நாட்டு நரம்பிசைக் கருவியான 'க்ரூத்' ஒரு பெயர்ச்சொல் என்று அறிந்தவர் அதன் பன்மையைத் தயங்காமல் வைப்பார்.

எவ்வழியில் கற்றாலும், எந்தப் பட்டியலின்படி ஆட்டம் என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்: கவரிமாவுக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பினத்தைக் குறிக்கும், 'இஸட்', 'ஓ' சேர்ந்த 'ஸோ' காலின்ஸில் செல்லும், வட அமெரிக்கப் பட்டியலில் செல்லாது.