கிளைட், பிளட்டர்புளோ, பபிள்: காசு வந்த செய்தி எங்கே போய்ச் சேருகிறது?

மருதமுனையில் கைத்தறிச் சேலையும் சாரமும் நெய்து விற்கிற ஒரு வீட்டுக்கு ஓடர் எடுக்கும் செயலி ஒன்று கட்டிக்கொடுத்தேன். எனக்குக் கோட் எழுதத் தெரியாது. மட்டக்களப்பில் கணக்கு வேலை பார்க்கிறவன். அதனால் கோட் இல்லாமல் செயலி கட்டும் கருவிகள்தான் எனக்குக் கதி. கிளைட், பிளட்டர்புளோ, பபிள் மூன்றையும் கிண்டிப் பார்த்துவிட்டுப் பபிளில் நின்றேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லமாட்டேன்.

படம் போடுவது, விலை காட்டுவது, கூடையில் சேர்ப்பது எல்லாம் மூன்றிலும் முடியும். சீக்கிரம் முடிவது கிளைட்டில். கூகுள் ஷீட்டில் சேலைப் பட்டியல் இருந்தால் ஒரு பின்னேரத்துக்குள் பார்க்கும்படியாக ஒன்று வந்துவிடும். அழகு என்றால் பிளட்டர்புளோ. பபிளைப் பழகத்தான் பொறுமை வேண்டும்.

சிக்கல் காசில்தான். மூன்றிலும் பணம் வாங்கும் வசதி ஆயத்தமாக இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவை. இலங்கையில் பதிவான வியாபாரத்துக்கு ஸ்ட்ரைப் கணக்குத் தருவதில்லை. பிளட்டர்புளோவில் ரேஸர்பே, பிரெயின்ட்ரீ என்று வேறு இரண்டும் உண்டு. அவையும் நமக்கு உதவாது. ஆக எந்தக் கருவியை எடுத்தாலும் உள்ளூர்ச் சேவை ஒன்றை நாமே இணைக்கவேண்டும். நான் எடுத்தது பேஹியர். விசா, மாஸ்டர் அட்டைகளும் ஈஸி கேஷ் போன்ற கைப்பேசிப் பணமும் அதில் ஓடும். ரூபாவோடு டொலர், பவுண்ட், யூரோவிலும் வாங்கலாம். லண்டனில் இருக்கிற பிள்ளை ஊரில் இருக்கிற உம்மாவுக்குச் சேலை எடுக்கிற வியாபாரம் இது, அதனால் அட்டை இல்லாமல் சரிவராது.

வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொடுத்து, வட்ஸ்அப்பில் ஸ்லிப் வாங்கும் பழைய வழியை நான் தூக்கி எறியவில்லை. உள்ளூர் ஆட்களுக்கு அது போதும். வங்கி விட்டு வங்கி இப்போது உடனே காசு போய்விடுகிறது, தரகும் மிகக் குறைவு. ஆனால் ஸ்லிப் என்பது ஒரு படம். காசு உண்மையிலேயே கணக்கில் விழுந்ததா என்று ஒருவர் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

அந்த வீட்டு ராத்தா (அக்கா) என்னிடம் கேட்பதும் அதைத்தான்: “தம்பி, இதுக்குச் சல்லி வந்திட்டா? பார்சலைப் போடவா?” கருவியைத் தெரிவுசெய்ய எனக்கு உதவிய கேள்வி இது ஒன்றுதான்.

பேஹியரில் ஒருவர் காசு கட்டி முடித்ததும் இரண்டு வேலை நடக்கிறது. வாடிக்கையாளரின் திரை நம் செயலியின் ‘நன்றி’ பக்கத்துக்குத் திரும்புகிறது, அது ரிட்டர்ன் யூஆர்எல். அதோடு, திரைக்குச் சம்பந்தமில்லாமல் பேஹியரின் சேவையகம் நம் சேவையகத்துக்கு நேரடியாக ஒரு செய்தி அனுப்புகிறது, அது நோட்டிபை யூஆர்எல். முதலாவதை நம்பிப் பார்சல் போடக்கூடாது. சிக்னல் போனால் அந்தப் பக்கம் திறக்காமலே போகலாம். அந்த முகவரி தெரிந்த எவரும் காசு கட்டாமலே அதைத் திறக்கவும் முடியும். நம்பவேண்டியது இரண்டாவதை. அதில் ஸ்டேட்டஸ் கோட் என்று ஒன்று வரும்: 2 என்றால் காசு வந்தது, 0 என்றால் இன்னும் முடியவில்லை, -1 என்றால் கைவிட்டார், -2 என்றால் தோல்வி, -3 என்றால் காசு திருப்பி எடுக்கப்பட்டது. செய்தி உண்மையில் பேஹியரிடமிருந்துதான் வந்ததா என்று பார்க்க எம்டி5 கையொப்பம் ஒன்றும் கூடவே வரும். எம்டி5 என்பது விவரங்களைக் கைரேகை போலச் சில எழுத்துகளாகச் சுருக்கும் கணக்கு. வணிகர் இலக்கம், ஓடர் இலக்கம், தொகை, நாணயம், ஸ்டேட்டஸ் கோட் ஆகியவற்றோடு நமது இரகசியச் சாவியின் எம்டி5-ஐயும் ஒட்டி நாமும் கணக்குப் போட்டால் அதே எழுத்துகள் வரவேண்டும்.

அப்படியென்றால் செயலிக்கு இரவு பகலாக விழித்திருக்கும் ஒரு காது வேண்டும். அது எந்தக் கருவியில் எங்கே இருக்கிறது, பழுதானால் யார் பார்ப்பது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

கிளைட்டில் அந்தக் காதை வெளியே வைக்கலாம். செய்தியை மேக் என்ற இன்னொரு சேவை வாங்கி, எம்டி5 பார்த்து, கூகுள் ஷீட்டில் வரி மாற்ற, கிளைட் அதைக் காட்டும். வேலை செய்யும். ஆனால் பேஹியர், மேக், ஷீட், கிளைட் என்று நாலு இடம். பிழை வந்தால் மேக் அந்த ஓட்டத்தைத் தானாகவே நிறுத்திவிடக்கூடும். நிறுத்தியதைச் சொல்லும் மின்னஞ்சலை மருதமுனையில் யார் திறந்து பார்ப்பது? போதாததற்கு, பேஹியரின் பக்கத்துக்கு விவரங்களைப் படிவமாக அனுப்பவேண்டும். கிளைட்டின் பொத்தான் இணைப்பைத்தான் திறக்கும். ஆகவே நடுவில் இன்னொரு பக்கமும் தேவை.

பிளட்டர்புளோவுக்குப் பேஹியரே பிளட்டர் எஸ்டிகே (ஆயத்த நிரல் தொகுப்பு) தருகிறது, அதைக் கஸ்டம் அக்ஷனாக, அதாவது நாமே சேர்க்கும் செயலாக, இணைக்கலாம். திரை மிக அழகாக வரும். ஆனால் அந்த எஸ்டிகே உலாவியில் ஓடாது, ஒவ்வொரு முறையும் போனில் ஏற்றித்தான் சோதிக்கவேண்டும். ஆண்ட்ராய்டின் கிரேடில் என்ற அமைப்புக் கோப்பிலும் கைவைக்க நேரும். காது வைப்பதற்கு கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் ஓடும் சிறு நிரல், அதாவது கிளவுட் ஃபங்ஷன் வேண்டும். அதற்குப் பிளேஸ் என்ற கட்டணத் திட்டத்தில் கடன் அட்டை கொடுக்கவேண்டும், ஜாவாஸ்கிரிப்டும் எழுதவேண்டும். கோட் எழுதாமல் தப்பலாம் என்று வந்தவன் அங்கே எழுத உட்காரவேண்டும். பிறகு பிளே ஸ்டோர்: 25 டொலர் ஒரு முறை கட்டினால் போதும், ஆனால் புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேரை 14 நாள் சோதிக்க வைக்கவேண்டும். ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டு மட்டத்துக்கு உயர்த்தாவிட்டால் மேம்படுத்தல்களைக் கூகுள் ஏற்காது. கட்டிக்கொடுத்தவன் வேறு வேலைக்குப் போனால் அந்தப் பராமரிப்பு அந்தரத்தில் நிற்கும்.

பபிளில் காது உள்ளேயே இருக்கிறது. பேக்எண்ட் வேர்க்ஃபுளோ, அதாவது பபிளின் சேவையகத்தில் ஓடும் வேலைத்தொடர் ஒன்றைப் பொதுவாகத் திறந்து, உள்நுழைவு இல்லாமல் ஓடலாம் என்று குறியிட்டால் அதன் முகவரியே நோட்டிபை யூஆர்எல். எம்டி5 போட ஒரு பிளகின் (கூடுதல் துணைக்கருவி) வேண்டும். அந்தக் கணக்கைச் சேவையகப் பக்கத்தில்தான் போடவேண்டும், உலாவியில் போட்டால் இரகசியச் சாவி எல்லோர் கையிலும் கிடைத்துவிடும். தொகையைப் பபிள் அழகுக்காக 4,500 என்று காட்டும். கையொப்பக் கணக்குக்கு 4500.00 என்று போகவேண்டும். காற்புள்ளி ஒன்று நுழைந்தாலும் கையொப்பம் பொருந்தாது. சோதனை முடிந்ததும் முகவரியின் வாலில் உள்ள ‘இனிஷியலைஸ்’, நடுவில் உள்ள ‘வெர்ஷன்-டெஸ்ட்’ இரண்டையும் எடுத்துவிடவேண்டும்.

அவ்வளவுதான். காசு வந்தால் ஓடர் வரி பச்சையாகும். ராத்தா பச்சை வரியைப் பார்த்துப் பார்சல் கட்டுகிறார். ஏதாவது பிசகினால் பார்க்கவேண்டிய இடமும் ஒன்றுதான், பபிளின் லொக், நடந்ததைப் பதியும் பட்டியல். இணைப்பை வட்ஸ்அப்பில் தட்டினால் உலாவியில் திறக்கும், யாரும் எதையும் இறக்கத் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. சொந்த முகவரியில் ஓட்ட மாதம் 30 டொலர் அளவில் கட்டவேண்டும், அதுவும் டொலரில். கட்டியதை வெளியே எடுத்துப்போக முடியாது. பிளட்டர்புளோவிலிருந்து கோடை இறக்கிக்கொண்டு போகலாம், பபிளில் அந்த வழியே இல்லை. வேலைப் பளுவையும் அது அலகுகளாக எண்ணுகிறது. பெருநாள் காலத்தில் கூட்டம் ஏறினால் அது எங்கே போய் நிற்கும் என்பதில் எனக்கு அனுபவம் போதாது. மாதாமாதம் தானாகக் காசு எடுக்கும் வசதியையும் நான் இணைத்துப் பார்த்ததில்லை.

டியூஷன் வகுப்புப் போல ஐம்பது பேருக்குள் அடங்கும் வேலை என்றால் நானும் கிளைட்டையே எடுப்பேன், காசை வங்கியிலும் ஸ்லிப்பிலும் பார்த்துக்கொள்வேன். கோட் தெரிந்த தம்பி ஒருவன் வீட்டிலேயே இருந்து, போனில் அறிவிப்பு அடிக்கும் உண்மையான செயலிதான் வேண்டுமென்றால் பிளட்டர்புளோ. அந்தத் தம்பி ஊரில்தான் இருப்பான் என்பதை மட்டும் முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.