ஈரோட்டு வெயில்ல ஒரு கோமாளி மீன் ஜோடி: சில வருச அனுபவம்

உப்புத்தண்ணி தொட்டி, ஃபில்டர், லைட் பத்தியெல்லாம் நிறையப் பேரு எழுதிட்டாங்க. கோமாளி மீன் (க்ளவுன் ஃபிஷ்) ஜோடி சேர்ந்து முட்டை வெக்கறதை வீட்டுல பார்க்கலாமா, போட்ட காசுக்குத் தகுமா, அதை மட்டும் சொல்றேனுங்க.

கடையில "செட்டான ஜோடி"ன்னு ஒரு விலை சொல்லுவாங்க. அது தேவையே இல்லை. குட்டியா இருக்கறப்ப இதுக ஆணும் இல்லை, பொட்டையும் இல்லை. ஒண்ணு கொஞ்சம் பெருசு, ஒண்ணு சிறுசுன்னு ரெண்டு குட்டி விட்டாப் போதும். அதட்டறது வளர்ந்து பொட்டையாகும், அடங்கிப் போறது ஆணாகும். நல்லா வளர்ந்த ரெண்டு பெருசை மட்டும் சேர்த்துடாதீங்க. ரெண்டுமே பொட்டையா இருந்தா ஒண்ணு செத்துத்தான் அடங்கும்.

சிறுசு அடங்கிப் போறது இருக்குதே, அதுக்கே தனியா மார்க் போடலாம். பெருசு கிட்ட வந்தாச் சிறுசு ஒருச்சாஞ்சு, ஒடம்பு முழுக்க வெடவெடன்னு நடுங்கும். ஒரம்பரை வந்திருந்த பெரியம்மா அதைப் பார்த்துட்டு, "ஏஞ்சாமி, குளுரு காய்ச்சலாட்ட இருக்குதே, மருந்து ஊத்தலியா?"ன்னு கேட்டாங்க. "சீக்கு இல்லீங்க பெரியம்மா, அது அவருக்கு பயம்"னேன். "அப்ப சரி, இங்கயும் அப்படித்தான்"னு பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தாங்க.

முட்டைக்கு அவசரப்படாதீங்க. குட்டியா வாங்கினா ஒரு வருசத்துக்கு மேலயும் ஆகும். அனிமோன் (கடல்ல இதுக குடியிருக்கற கடல் சாமந்தி) கட்டாயமில்லை, சாதா மண் பூந்தொட்டி ஒண்ணைச் சாய்ச்சு வெச்சாலே எடுத்துக்கும். அழகுக்குப் பவளம் தர்றேன்னு யாராவது வந்தா ஒதுங்கிக்கோங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மாட்டிக்குவீங்க.

நாள் நெருங்கறது ஆண் மீனைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பூந்தொட்டியோட ஒரே எடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்திப் பாசியெல்லாம் சொரண்டி எடுக்கும். பொட்டை கடைசியிலதான் வேலைக்கு வரும், அதுவும் மேற்பார்வை மாதிரித்தான். வயிறு உப்பி, அடியில சின்னதா வெள்ளைக் குழல் ஒண்ணு வெளிய தெரிஞ்சா அன்னிக்கோ மறுநாளோ முட்டை. எங்கூட்டுல எப்பவும் பொழுதோடதான். பொட்டை வயித்தைப் பூந்தொட்டியோட ஒட்டி, மெல்ல மெல்ல நகர்ந்து ஆரஞ்சு முட்டைகளை ஒட்ட வெச்சுட்டே போகும். பின்னாலேயே ஆண் அதே தடத்துல ஒரசிட்டு வரும். இது ஒரு மணி நேரத்துக்கு மேலயும் நடக்கும். அன்னிக்கு டிவி ஓடாது.

அப்புறம் எல்லாப் பாடும் ஆணுக்குத்தான். ரெக்கையால விசிறிட்டே இருக்கும், வெளுத்துப் போன முட்டையை வாயில எடுத்துத் தூக்கும். கண்ணாடி தொடைக்கக் கைய விட்டா பொட்டை வந்து வெடுக்குன்னு கடிக்கும். முதல் சில தடவை முட்டையை இதுகளே தின்னுடும், அது சகஜம். 27, 28 டிகிரியில ஏறக்குறைய ஒரு வாரத்துல முட்டைக்குள்ள வெள்ளிக்கண்ணு மின்னும். லைட்டை அணைச்சு இருட்டானதும் பொரியும்.

குஞ்சு வளர்க்கறதுக்குத்தான் மார்க் கொறைக்கறேன். பொரிச்ச குஞ்சு வாய்க்கு ரோட்டிஃபர்ங்கற பொடிப்பொடி நுண்ணுயிர்தான் பொருந்தும். அதுக்குப் பச்சைப்பாசித் தண்ணி, அப்புறம் ஆர்ட்டீமியாங்கற குட்டி உப்புத்தண்ணி இறால், தனித்தொட்டின்னு வீடே வாடையடிக்கும். மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க ஹேச்சரியில (குஞ்சு பொரிக்கற பண்ணையில) பண்றதை நம்ம பால்கனி பக்கெட்டுல பண்ணணும். தேறின குஞ்சுக்குப் பத்து நாள் வாக்குல வெள்ளைப் பட்டை வரும். அதைப் பார்த்தா மறுபடி ஆசை வரும், அதான் ஆபத்து.

நம்மூர்ல பெரிய தொல்லை சித்திரை வெயில். தண்ணி 30 தாண்டிடும், முட்டையும் கொறைஞ்சு போகும். மேல ஒரு ஃபேன் வெச்சா ரெண்டு மூணு டிகிரி எறங்கும், ஆனா தண்ணி வத்தும். வத்தினதுக்கு ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி கூடாது. உப்பு ஆவியாகறதில்லை. போர் தண்ணியை நெனச்சுக்கூடப் பார்க்காதீங்க. கரண்ட் போனா ஏர் பம்ப்புக்கு மட்டுமாவது இன்வர்ட்டர் லைன் குடுத்துருங்க.

ஒழுங்காப் பார்த்தா இந்த மீன் பத்து வருசத்துக்கு மேலயும் இருக்கும். நடுவுல பொட்டை செத்துட்டா, "பெரிய பொட்டையாத் தர்றேன்"னு கடையில சொன்னாலும் வாங்காதீங்க. இருக்கற ஆணே கொஞ்ச மாசத்துல பொட்டையா மாறிக்கும். அதைவிடச் சிறுசா ஒரு குட்டி வாங்கி விட்டாப் போதுமுங்க.