மேக் ஆப் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கலாமா: பதின்மூன்று வருட அனுபவம்

ஆப்பிளின் மேக் கணினியில், செயலிகளை விற்கும் ஆப் ஸ்டோரைத் திறந்து, இடது பக்கம் கீழே இருக்கும் நம் பெயரைத் தட்டினால் இதுவரை வாங்கியதெல்லாம் வரிசையாக வரும். போன வாரம் வேறு எதையோ தேடப் போய் அந்தப் பட்டியலின் அடிவரை உருட்டிவிட்டேன். பாதிச் செயலிகள் எதற்கு வாங்கினேன் என்றே ஞாபகம் இல்லை. சிலவற்றை இப்போது திறக்கவே முடியாது. மொத்தம் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கூட்ட ஆரம்பித்து, வீட்டில் யாராவது எட்டிப் பார்ப்பதற்குள் மூடி வைத்தேன்.

என் தொழில் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது. கோவையில் வீட்டிலிருந்தே வேலை. 2012 தொடக்கத்தில் முதல் மேக்கை வாங்கியபோது, மென்பொருளுக்குக் காசு கொடுப்பது என்பதே எங்கள் வட்டாரத்தில் வேடிக்கையான விஷயம். யாரிடமாவது ஒரு சிடி இருக்கும், அது கை மாறி வரும், கூடவே வைரஸும் வரும். அந்தப் பழக்கத்திலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது இந்தக் கடைதான். அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அதையும் சேர்த்தே கீழே உள்ள புலம்பல்களைப் படியுங்கள்.

கடை திறந்தது 2011 ஜனவரி 6. ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் இயங்குதளத்தின் 10.6.6 அப்டேட்டோடு வந்தது, முதல் நாளே ஆயிரத்துக்கு மேல் செயலிகள். அதே வருடம் ஜூலையில் லயன் இயங்குதளத்தையே டிஸ்க் இல்லாமல் இந்தக் கடை வழியாக 29.99 டாலருக்கு விற்றார்கள். நம் ஊர் பிராட்பேண்டில் கிட்டத்தட்ட நான்கு ஜிபியை இறக்குவது அன்றைக்கு ராத்திரி முழுக்க நடக்கும் வேலை. நான் நுழைந்த சமயத்தில் விலைகள் டாலரில்தான் இருந்தன. கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

என் முதல் தவறு அந்தச் சமயத்தில் நடந்ததுதான். அப்போது ஒரு அலுவலகத்தில் வேலை. கணக்கு தொடங்க மின்னஞ்சல் கேட்டதும் யோசிக்காமல் அலுவலக முகவரியைக் கொடுத்தேன். காசு என் கார்டிலிருந்து போனது, கணக்கு அலுவலகப் பெயரில் நின்றது. சில மாதங்களில் புத்தி வந்து சொந்த முகவரியில் வேறு கணக்கு தொடங்கினேன், ஆனால் அதற்குள் மூன்று செயலிகள் பழைய கணக்கில் ஏறிவிட்டன. 2015-ல் வேலையை விட்டபோது அந்த முகவரியும் மூடப்பட்டது, மூன்றும் போயின. இந்தக் கடையில் வாங்குவது செயலியை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. அந்த அனுமதி கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார்டு யாருடையது என்று அது பார்க்காது.

ஒரு கணக்கில் வாங்கியதை இன்னொன்றுக்கு மாற்றும் வசதி 2025 பிப்ரவரியில் வந்தது. ஆசையாகப் போய்ப் படித்தேன். அறிமுகமானபோது அது கிடைக்காத இடங்களில் இந்தியாவும் ஒன்று. சரி, அந்த மூன்றும் அவ்வளவுதான்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் பழைய மேக்கை ஓரங்கட்டி எம்1 சிப் உள்ள புது மேக் வாங்கினேன். கடையில் வாங்கிய செயலிகளை எல்லாம் ஒரு மதிய நேரத்தில் இறக்கி முடித்தேன். லைசன்ஸ் கீ கேட்கவில்லை, எதையும் தேடவில்லை, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மேகப் படத்தைத் தட்டியதோடு சரி. நேரடியாகத் தயாரிப்பாளர்களிடம் வாங்கியவற்றுக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒன்றின் லைசன்ஸ் கீ எட்டு வருடம் பழைய மின்னஞ்சலில் கிடந்தது, இன்னொன்றை எந்த முகவரி கொடுத்து வாங்கினேன் என்பதே மறந்திருந்தது. நம்முடைய எல்லா மேக்கிலும் போட்டுக்கொள்ளலாம் என்பதும் பெரிய சௌகரியம். குடும்பப் பகிர்வில் ஆறு பேர் வரை சேரலாம், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் நாம் வாங்கியதை அவர்களும் இறக்கிக்கொள்ளலாம். என் மகள் அவளுடைய மேக்கில் இன்றுவரை ஒரு செயலிக்கும் காசு கொடுத்ததில்லை.

அப்புறம், கொம்பு கதை.

2016 வாக்கில் புத்தக அட்டைகளுக்காக ஒரு வரைகலைச் செயலி வாங்கினேன். எல்லோரும் புகழ்ந்தார்கள், விலையும் நியாயம், மாதச் சந்தா கிடையாது. படங்கள் எல்லாம் கண்ணைப் பறித்தன. வாங்கி, இறக்கி, திறந்து, ஒரு கவிதைத் தொகுப்பின் தலைப்பைத் தட்டினேன். 'கொ' என்று தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது, நடுவில் ஒரு புள்ளி வட்டம் வேறு. எழுத்துருவை மாற்றினேன், விசைப்பலகையை மாற்றினேன், மேக்கையே ஒருமுறை அணைத்துப் போட்டேன். கொம்பு அசையவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. கணினிகள் எழுத்துகளைக் குறித்து வைக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்பது 'க' என்ற எழுத்தும் அதன் பின்னால் ஓர் உயிர்க்குறியும்தான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னால் தள்ளி, காலைப் பின்னால் வைப்பது திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. மேக்குக்கென்று சொந்தமாக எழுத்து வரையும் பொறி இருக்கிறது, அது தமிழை அழகாகவே வரையும். இணைமதி எழுத்துருவும் அஞ்சல், தமிழ் 99 விசைப்பலகைகளும் மேக்கோடு கூடவே வருகின்றன. ஆப்பிளின் எழுதும் செயலிகளான டெக்ஸ்ட் எடிட்டிலோ பேஜஸிலோ தட்டிப் பாருங்கள், ஒரு குறையும் இருக்காது. ஆனால் சில செயலிகள் மேக்கின் பொறியை விட்டுவிட்டுத் தாங்களே ஒன்றை எழுதி வைத்துக்கொள்கின்றன. அதில் இந்திய மொழிகளுக்கான வேலையைச் செய்யாமல் விட்டால் கொம்பு இப்படித்தான் அலையும்.

கடைப் பக்கத்தில் இதை எங்கே தெரிந்துகொள்வது? எங்கேயும் முடியாது. 'மொழிகள்' என்று ஒரு வரி இருக்கும். அது செயலியின் மெனு எந்த மொழிகளில் இருக்கிறது என்று சொல்வது, எந்த மொழியில் தட்டலாம் என்பதை அது சொல்லாது. தமிழ் அந்த வரியில் இல்லாத எத்தனையோ செயலிகளில் தமிழ் பிரமாதமாக வரும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும். தட்டிப் பார்க்க, முதலில் காசு கொடுத்திருக்க வேண்டும்.

இந்தக் கடையின் ஆதிகாலக் குறை அதுதான். முதலிலேயே காசு கொடுத்து வாங்கும் செயலிக்கு டிரையல் என்ற ஏற்பாடே இல்லை. அதே செயலியைத் தயாரித்தவரின் தளத்துக்குப் போனால் பெரும்பாலும் பதினைந்து நாளோ முப்பது நாளோ சும்மா பயன்படுத்தலாம். எழுத்தாளர்கள் பலர் பயன்படுத்தும் ஸ்க்ரிவ்னர் இதில் தங்கமான ஏற்பாடு: முப்பது நாள் டிரையல், அதுவும் திறந்த நாளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாள் திறந்தால் பதினைந்து வாரம் ஓடும். கடைக்குள் இப்போது சிலர் இலவசமாக இறக்கவிட்டு, சில நாள் கழித்து உள்ளே காசு கேட்கும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். அது பரவாயில்லை.

என் பணம் திரும்பக் கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆப்பிளின் 'ரிப்போர்ட் எ பிராப்ளம்' பக்கத்தில் நுழைந்தால் சமீபத்தில் வாங்கியவை வரும், காரணத்தைத் தேர்ந்து அனுப்பலாம். தமிழ் எழுத்து உடைகிறது என்று நான்கு வரி எழுதினேன், சில நாட்களில் பணம் வந்துவிட்டது. ஆனால் இதை உரிமை என்று நம்பி வாங்காதீர்கள், கேட்டால் பரிசீலிப்பார்கள், அவ்வளவே. அந்தச் செயலி இன்றைக்கும் நல்ல செயலிதான். தமிழ்த் தலைப்பை வேறு எங்காவது தட்டி, படமாக மாற்றி உள்ளே கொண்டுபோகும் நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பொறுமை இல்லை.

சில வகைச் செயலிகள் இந்தக் கடைக்கு வரவே வராது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2012 ஜூன் முதல் கடைக்கு வரும் செயலிகள் சாண்ட்பாக்ஸ் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்றார்கள். அதாவது செயலி தன் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், வீட்டின் மற்ற அறைகளுக்குப் போக நாம் கதவைத் திறந்துவிட வேண்டும். பாதுகாப்புக்கு அருமையான விதி. ஆனால் வட்டு முழுவதையும் நகலெடுக்கும் பேக்கப் செயலி ஓர் அறைக்குள் இருந்துகொண்டு என்ன செய்யும்? சூப்பர் டூப்பர், கார்பன் காப்பி குளோனர் போன்றவை தங்கள் தளத்திலேயே விற்பதற்கு இது போதுமான காரணம். டெக்ஸ்ட் எடிட்டரான பிபிஎடிட் 2014-ல் கடையை விட்டு வெளியேறி, 2019-ல் சந்தா வடிவில் திரும்பி வந்தது. நேரடியாக வாங்கினால் அதையே ஒரே தடவைக் காசுக்கு வாங்கலாம். வடிவமைப்புச் செயலியான ஸ்கெட்ச் 2015 டிசம்பரில் வெளியேறியது. ஒரே செயலி கடையில் ஒரு மாதிரியும் வெளியே வேறு மாதிரியும் இருக்கலாம் என்பதால், வாங்குவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்துவிடுவது என் வழக்கம்.

மேம்பாட்டுச் சலுகையும் கடையில் கிடையாது. இரண்டாம் பதிப்பு வைத்திருப்பவருக்கு மூன்றாம் பதிப்பைப் பாதி விலைக்குக் கொடுக்க வேண்டுமென்று தயாரிப்பாளர் நினைத்தாலும் அதற்கான வழி அங்கே இல்லை. அதனால் ஒன்று புதிய பதிப்பைத் தனிச் செயலியாக முழு விலைக்கு விற்பார்கள், இல்லையென்றால் சந்தாவுக்குப் போவார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு குறிப்பெடுக்கும் செயலி ஒரு நாள் காலையில் அப்டேட் ஆகி, மாதாமாதம் பணம் கேட்டது. பழையவர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்றார்கள். அந்த ஒரு வருடத்தில் குறிப்புகளையெல்லாம் வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாக மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். கோபம் இருந்தது. ஆனால் ஒரு தடவை வாங்கிய சில நூறு ரூபாய்க்குப் பத்து வருடம் அப்டேட் எதிர்பார்த்தவனும் நான்தான்.

திறக்க முடியாதவை என்று முதலில் சொன்னேனே, அதில் பெரும்பாலானவை 2019 அக்டோபரில் போனவை. கேட்டலினா என்ற மேக் இயங்குதளம் வந்தபோது, பழைய 32 பிட் முறையில் எழுதிய செயலிகளின் கதை முடிந்தது. செயலியைச் செய்தவர் 64 பிட்டுக்கு மாற்றியிருந்தால் பிழைத்தது, இல்லையென்றால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. செயலி நின்றுபோவதில் பெரிய ஆள், சின்ன ஆள் வித்தியாசம் இல்லை. ஆப்பிளின் சொந்தப் புகைப்படச் செயலியான அபெர்ச்சர், கடை திறந்த நாளில் 79.99 டாலருக்கு விற்ற அதே அபெர்ச்சர், 2015-ல் விற்பனையிலிருந்து போய், வேறு காரணத்தால் என்றாலும் கேட்டலினாவில் ஓடாமலும் நின்றது.

பணம் கட்டும் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. தானாகக் கழியும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 2022-ல் இந்தியாவில் இந்தக் கடை கிரெடிட், டெபிட் கார்டுகளை ஏற்பதை நிறுத்தியது. அன்று முதல் யுபிஐ, நெட்பேங்கிங், அல்லது கணக்கில் முன்கூட்டியே போட்டு வைக்கும் பணம். நான் மூன்றாவதைத்தான் வைத்திருக்கிறேன். ஆயிரம் ரூபாய் போட்டு வைப்பேன், அது தீர்ந்தால் அந்தக் காலாண்டுக்கு ஷாப்பிங் முடிந்தது. கார்டு இருந்த காலத்தில் இந்தக் கட்டுப்பாடு எனக்கு இருந்ததே இல்லை.

இன்னொன்று. விலைக்கு உரிய இடத்தில் 'கெட்' என்று மட்டும் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 'இன்-ஆப் பர்சேஸ்' என்று இருந்தால் இலவசம் என்று பாய வேண்டாம். பக்கத்தின் அடியில் உள்ளே விற்கும் பொருள்களின் விலைப் பட்டியல் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். கடையில் தேடும்போது பிரபலமான செயலிகளின் பெயரையும் ஐகானையும் ஒட்டி உரசிக்கொண்டு வேறு செயலிகளும் வரும். தயாரிப்பாளர் பெயரைப் பார்க்காமல் தட்டாதீர்கள்.

இப்போது என் கணக்கு இப்படி. சின்ன உபகரணங்கள், ஜிப் பிரிப்பது, பிடிஎஃப் சேர்ப்பது, அளவு மாற்றுவது எல்லாம் கடையில். ஓரளவு பெரிய, சோறு போடும் செயலிகளைத் தயாரித்தவரிடமே வாங்குகிறேன். கடைக்குப் போகும் கமிஷன் முப்பது சதவீதமாக இருந்தது, வருடத்துக்கு பத்து லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சின்னத் தயாரிப்பாளர்களுக்கு 2021-லிருந்து பதினைந்து. அந்தப் பங்கும் அவருக்கே போகட்டும் என்ற நல்லெண்ணம் கொஞ்சம், டிரையல் கிடைக்கிறது என்ற சுயநலம் நிறைய. லைசன்ஸ் கீக்களை ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். மகள் சிரிக்கிறாள்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சோதனை வரியும் இருக்கிறது: 'கொக்கோ கொடுத்த ஸ்ரீதேவி பௌர்ணமிக்கு வந்தாளா?' பொருள் தேடாதீர்கள், கொம்பு, கால், கூட்டெழுத்து எல்லாம் அதில் அடங்கும். புதிதாக வந்திருக்கும் ஒரு பக்க வடிவமைப்புச் செயலியை அதன் தளத்திலிருந்து இறக்கி, போன திங்கட்கிழமை அந்த வரியைத் தட்டினேன். எல்லாம் அதனதன் இடத்தில் வந்தது, 'ஸ்ரீ' உட்பட. பிடிஎஃப் ஆக்கியபோது மட்டும் 'பௌ' கொஞ்சம் விலகி நிற்கிற மாதிரி இருக்கிறது. டிரையலில் இன்னும் பதினோரு நாள் பாக்கி. அச்சகத்தில் ஒரு ப்ரூஃப் எடுத்துப் பார்க்க வேண்டும்.