ஊட்டிக் குளிரில் தெர்மல் குக்கர்: மூன்றாவது வருடம்

முன்பு என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்திருக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: “அக்கா, தெர்மல் குக்கர் வாங்கலாமா? சிலிண்டர் ஒரு மாசம்கூட வரமாட்டேங்குது.” அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

சோற்றுக்கு இதற்கு ஈடே இல்லை. புழுங்கலரிசி உலையில் 15 நிமிடம் தளதளவென்று கொதித்ததும் உள்பாத்திரத்தை, சூட்டை வெளியே விடாத வெளிக்கூட்டுக்குள் இறக்கி மூடிவிடுவேன். அதோடு அடுப்புக்கு வேலை முடிந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் சோறு பதமாக வெந்திருக்கும். அடி பிடிக்காது, கஞ்சி பொங்கி பர்னரை அடைக்காது. 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு 40 நாள் வந்தது, இப்போது 50 தாண்டுகிறது. சீகை விறகை ஊதி ஊதியே சமைத்த என் அம்மா, “அடுப்பே எரியாம எப்படிடி வேகுது?” என்று மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பக்கத்துக் கேரளத்தில் ‘சூடாறாப்பெட்டி’ என்று இதே வித்தையை சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் எப்போதோ பரப்பிவிட்டது.

ஜனவரிக் குளிரில் மட்டும் ஒரு வேலை கூடுதல். வெளிக்கூடு ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு சொம்பு வெந்நீரை உள்ளே ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு அப்புறம் பாத்திரத்தை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சோறு நடுவில் விறைத்து நிற்கும்.

என் கோபமெல்லாம் பருப்பில்தான். கூட வந்த கையேடு, எதைப் போட்டாலும் 10 நிமிடம் கொதித்தால் போதும் என்கிறது. அது சமவெளிக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் போகுமே தவிர சூடு ஏறாது. சோறு அந்த 7 டிகிரியைப் பொறுத்துக்கொள்ளும், துவரையும் காய்ந்த அவரையும் பொறுக்காது. மூடிய நிமிடத்திலிருந்து சூடு இறங்கத்தானே செய்யும்? ராஜ்மாவை இதில் போடவே கூடாது. சரியாகக் கொதிக்காத ராஜ்மாவில் நச்சு அப்படியே நிற்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பருப்புக்கு பிரஷர் குக்கர்தான். ஆவியை அடைத்து நம் ஊரிலும் 115 டிகிரி வரை கொண்டுபோகும். முதல் நாள் இரவே ஊறவைத்து, விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கினால் அதிலும் கேஸ் மிச்சம்தான். மலையில் விற்கும் பெட்டிக்கு மலைக்கான நேரத்தை அச்சடித்துக் கொடுக்க என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, பாத்திரம் நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும். நான் வாங்கியது ஒரு கிலோ அளவு. வீட்டில் மூன்று பேர்தான் என்பதால் பாதிப் பாத்திரத்தோடு சீக்கிரம் ஆறிவிடுகிறது. அரைக்கிலோ வாங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அவளிடம், “இப்போ வாங்காதே” என்றுதான் சொல்லி வைத்தேன். அதற்கு முந்தின நாள்தான், அவசரத்தில் அவரையையும் உருளைக்கிழங்கையும் இதில் போட்டு மூடிவிட்டு வெளியே போயிருந்தேன். ராத்திரி ஒன்பதரை மணிக்கு மாமனார் வேகாத அவரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.